மூன்று புடவை தூரம்

ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்தே சென்னையின் வரலாற்றை எழுதிவிடலாம். மெட்ரோ வாட்டர் வருமா, போர் எத்தனை அடி, 2015-ல் தண்ணீர் எதுவரை ஏறியது, கார் நிறுத்த மூடிய இடமா திறந்த இடமா. எல்லாவற்றுக்கும் முன்னால், சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா. நாங்களும் கேட்டோம். தென்கிழக்கில் அடுப்பு, கிழக்கு பார்த்து நின்று சமையல். பில்டர் காம்பஸ் வைத்தே காட்டினார். அக்னிக்கு இருக்க இடம் கொடுத்தாயிற்று. அவர் தன் மூலையை விட்டுக் கிளம்பி ஹாலுக்கு வந்துவிட்டால் நாங்கள் எந்த மூலை வழியாகக் கிளம்புவது என்று கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வாஸ்துவில் அதற்கு மூலை இல்லை.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு பொருள் எப்படி எரிகிறது என்று இரண்டு தலைமுறைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எரிபொருள், ஆக்ஸிஜன், வெப்பம், மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணையும், ஐந்து மதிப்பெண். தீ அணைகிற வரை டீச்சர் எங்கே நிற்க வேண்டும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.

போன தீபாவளிக்கு எதிர்த் தெருவிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒன்று பாதி வழியில் மனம் மாறி, எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி பால்கனிக்குள் நுழைந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு பற்றிக்கொண்டது. அந்த வீட்டு மாமி சோப்புத் தண்ணீரில் துணி ஊறிக்கொண்டிருந்த பக்கெட்டை அப்படியே தூக்கி ஒரே வீச்சில் அணைத்துவிட்டார். தீயைவிட அந்த வீச்சுதான் கட்டடத்தில் ஒரு வாரம் பேசப்பட்டது. ஆனால் மாமி பக்கெட்டைத் தூக்கிய நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்தோம்? பால்கனிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தோம். ஐந்தாம் மாடிக்காரர் வீடியோ எடுத்தார். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி, “ஃபிளாஷ் போடுங்க, சரியாத் தெரியலை” என்றார். ஒருவரும் கீழே இறங்கவில்லை. இறங்குவது என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை.

அன்று இரவு நான் ஆரம்பித்தேன்.

“என்னங்க, நிஜமாவே தீப்பிடிச்சா நாம எப்படி வெளியே போறது?”

“கான்கிரீட் எரியாது” என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கான்கிரீட் எரியாது, வாஸ்தவம். கான்கிரீட்டுக்குள் நாங்கள் கொண்டுவந்து அடைத்திருக்கும் சோபா எரியும். அதற்குள் இருக்கிற நுரைப் பஞ்சு எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். திரைச்சீலை எரியும், பிளைவுட் அலமாரி எரியும், அவர் கையிலிருக்கும் பேப்பர் எரியும். தீ விபத்தில் பெரும்பாலானவர்களைக் கொல்வது தழல் இல்லை, புகைதான். இதையெல்லாம் வகுப்பில் சொல்கிற மாதிரியே அவருக்கும் சொன்னேன். வகுப்பில் கடைசி பெஞ்சு கேட்கிற மாதிரியே அவரும் கேட்டுக்கொண்டார்.

எங்கள் கட்டடம் ஸ்டில்ட்டும் அதன் மேல் ஐந்து மாடியும். நாங்கள் நான்காவதில். தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர்மாடிக் கட்டடம். எங்களுடையது அதற்குள் அடங்கி நிற்பதால் சட்டத்தின் கண்ணில் உயரமே இல்லை. பால்கனியிலிருந்து கீழே நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்க்கும்போது சட்டத்துக்கு இருக்கிற தைரியம் எனக்கு வருவதில்லை.

முதலில் வாசலிலிருந்து தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு வெளியே இரும்பு கிரில் கேட். உள்ளே தேக்குக் கதவு. கதவுக்கு மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள், நடுவில் கோத்ரெஜ் பூட்டு, யாராவது மணியடித்தால் இடுக்கு வழியாகப் பார்க்க ஒரு சங்கிலி. கிரில் கேட்டுக்கு ஒரு தொங்குபூட்டு. அதை அவர் ராத்திரி எட்டரை மணிக்கே உள்பக்கமிருந்து பூட்டிச் சாவியை எடுத்துவிடுவார். சாவி இருக்கும் இடம் திருடனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினம் ஒரு இடத்தில் வைப்பார். திருடனுக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. அடுப்பில் குக்கர் இருந்தது. நல்ல சந்தர்ப்பம் என்று, “தீ! கதவைத் திறங்க!” என்று குரல் கொடுத்தேன். அவர் எழுந்து முதலில் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடியைத் தேட டார்ச்சைத் தேடினார். டார்ச்சில் பேட்டரி இல்லாதது பற்றி யாரைக் குற்றம் சொல்வது என்பதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு சாமி அலமாரி, ஃபிரிட்ஜ் தலை, ஆணியில் தொங்கிய சட்டைப் பை. அதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கிவிட்டது. கரண்டும் வந்துவிட்டது. சாவி அவர் இடுப்பிலேயே, வேட்டி மடிப்பில் இருந்தது.

மறுநாளே பூட்டுக்காரரை வரவழைத்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திருகினால் திறக்கிற பூட்டு போட்டேன். “திருடன் கம்பிக்குள்ள கையை விட்டுத் திருகிட்டா?” என்றார் அவர். கை நுழையாதபடி பின்னால் ஒரு தகடு வைத்துக் கொடுத்தார் பூட்டுக்காரர். இப்போது தினமும் எட்டரை மணிக்கு ஒளித்துவைக்க ஏதும் இல்லாமல் அவர் சற்று நேரம் வெறும் கையோடு ஹாலில் நிற்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது பால்கனி. எல்லாச் சென்னை பால்கனிகளையும் போல எங்களுடையதும் கீழிலிருந்து மேல்வரை கிரில் அடித்த கூண்டு. வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, கிரில்லில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வெட்டி, கீல் வைத்துத் தரச் சொன்னேன். அவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இது வழியா திருடன் வந்துருவானே?”

“நாலாம் மாடிக்கு எப்படிப்பா வருவான்?”

“பைப்பைப் பிடிச்சு ஏறுவான்மா. நான் பார்த்திருக்கேன்.”

“அவன் பைப்பைப் பிடிச்சு ஏறுவான்னா, அதே பைப்பைப் பிடிச்சு நாங்க இறங்கலாம்தானே?”

“அவனுக்குப் பழக்கம்மா” என்றார் கொஞ்சமும் யோசிக்காமல்.

இதற்குமேல் வாதாட இடமில்லை. கதவை வெட்டினார். அதற்கு ஒரு பூட்டு போட்டே தீருவேன் என்றார். அந்தச் சாவியைப் பால்கனிச் சுவரில் ஆணியடித்து என் கண் முன்னால் மாட்டவைத்தேன்.

சரி, கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் வெளியே காற்று. அங்கிருந்து தரைக்கு என்ன வழி? ஸ்டில்ட் மூன்று மீட்டர், ஒவ்வொரு மாடியும் மூன்று மீட்டர் என்று வைத்தால் எங்கள் பால்கனித் தளம் தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர். ஆறு கஜப் புடவை ஐந்தரை மீட்டர். மூன்று புடவையை முடிச்சுப் போட்டால் பதினாறரை. முடிச்சுகளுக்கும் கிரில்லில் கட்டுவதற்கும் போனாலும் தரையைத் தொடும். எங்களோடு இருக்கும் அத்தையின் ஒன்பது கஜம் என்றால் இரண்டே போதும். கணக்கு சுலபமாக வந்துவிட்டது. எந்த மூன்று புடவை என்பதில்தான் சிக்கல்.

துணி எரியும் விதத்தை நான் ஆய்வகத்தில் எத்தனையோ முறை செய்துகாட்டியவள். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு எரியும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பட்டு எளிதில் பற்றாது. பற்றினாலும் சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், முடி கருகும் நாற்றத்தோடு. ஆக, தீ விபத்தில் தொங்குவதற்கு ஏற்றது காஞ்சிபுரம் பட்டுதான். பீரோவைத் திறந்து நின்றேன். கத்திரிப்பூ நிறக் கூறைப்புடவை, மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ மஞ்சள், பதவி உயர்வுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்ட மயில்கழுத்து. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்க்கும் மனுஷியை நான் கண்ணாடியில் தேடினேன், காணவில்லை. பின்னால் வந்து நின்ற அவர், “இதுல நான் தொங்கினா ஜரிகை என்னத்துக்கு ஆகும்?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் புடவையைப் பற்றிச் சொன்ன அக்கறையான வார்த்தை அதுதான்.

புடவைக் கயிறு சினிமாவுக்குத்தான் சரிப்படும். முடிச்சு இழுபடும், வழுவழுப்பில் கை நிற்காது, எண்பது கிலோ மனிதர் உள்ளங்கையால் பிடித்து நாலு மாடி இறங்குவது பழகிய தீயணைப்பு வீரருக்கே லேசான வேலை இல்லை. கட்டடத்திலிருந்து குதிக்காதீர்கள், தொங்காதீர்கள் என்றுதான் தீயணைப்புக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் மேலே மாட்டிக்கொண்ட மனித மூளை நேராக யோசிப்பதில்லை என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1879-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஓப்பன்ஹைமர் என்பவர் தீயிலிருந்து தப்ப ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் இல்லை, அவர் அப்போது பிறக்கவே இல்லை.) தலையில் வாரால் கட்டிக்கொள்ளும் நாலைந்து அடி அகலப் பாராசூட், காலில் மெத்தென்று தடித்த அடி வைத்த காலணி. இரண்டையும் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டியதுதான். பாராசூட் மேலே இழுக்கும், உடம்பு கீழே இழுக்கும், நடுவில் இருக்கும் கழுத்தின் அபிப்பிராயத்தை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. என் கணவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “செருப்பு நல்லா இருக்கு. குதிகால் வலிக்கு ஆகும்” என்றார்.

அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1887-ல், பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அன்னா கானலி என்ற பெண்மணி வாங்கிய காப்புரிமை புத்தியுள்ளது. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குக் கைப்பிடி வைத்த இரும்புப் பாலம். தீப்பிடித்த கட்டடத்துக்காரர்கள் அது வழியாக அடுத்த கட்டடத்துக்குப் போய் அந்தப் படிக்கட்டில் இறங்கிக்கொள்ளலாம். அந்த அம்மாள் எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். பக்கத்துக் கட்டடம் அவ்வளவு நெருக்கம். அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது எங்களுக்கு வாசனையிலேயே தெரியும். ஆனால் ஒரு முருங்கை மரக் கிளை யாருடைய காற்றுவெளியில் இருக்கிறது என்ற விஷயத்தில் இரண்டு சங்கங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகு காலம் ஆகிறது. பாலம் போட்டால் அந்தப் பக்கம் அவர்களும் கிரில் கேட் போட்டுப் பூட்டுவார்கள்.

ஆக மிச்சம் இருப்பது படிக்கட்டு. இவ்வளவு சுற்றி வந்தது எதற்கு என்று கேட்கலாம். எங்கள் படிக்கட்டைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் மேலிருந்து கீழே நோட்டுப் புத்தகமும் கையுமாக இறங்கினேன். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. யாரோ வீட்டு வடாத்தை யாரோ வீட்டுப் பையன் மிதித்ததிலிருந்து அது பூட்டியே கிடக்கிறது, சாவி செயலாளரிடம், செயலாளர் மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் வீடு கட்டி முடித்தபோது மிஞ்சிய டைல்ஸ் பெட்டிகள், அவற்றின் மேல் பெயின்ட் டப்பாவும் பாதி தின்னரும். எங்கள் மாடியில் என் கணவரின் பழைய பேப்பர் கட்டுகள். கிலோவுக்கு விலை ஏறும் என்று அவர் பங்குச் சந்தைக்காரரைப் போலக் காத்திருக்கிறார். மூன்றாம் மாடியில் மாமியின் துளசி மாடம், ஒரு பக்கத்தில் கேன் தண்ணீர் வரிசை. இரண்டாம் மாடியில் செருப்பு அலமாரி. அதில் செருப்பு தவிர எல்லாம் இருக்கிறது. முதல் மாடியில் மூன்று சைக்கிள், ஒரு நடைவண்டி. அந்த வண்டியில் நடை பழகிய பையன் இப்போது பொறியியல் படிக்கிறான்.

எல்லாவற்றுக்கும் அடியில், படிக்கட்டுக்குக் கீழேயே, மொத்தக் கட்டடத்தின் ஈ.பி. மீட்டர் போர்டு. அதை ஒட்டி இரண்டு பெட்ரோல் ஸ்கூட்டரும் சார்ஜில் போட்ட ஒரு மின்சார ஸ்கூட்டரும். இதைப் பார்த்ததும்தான் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மீட்டர் போர்டில் பிடித்தால் புகை எங்கே போகும்? மேலேதான். படிக்கட்டு என்பது ஐந்து மாடிக்கும் பொதுவான புகைபோக்கி. அந்தப் புகைபோக்கியின் மேல் மூடிதான் பூட்டிய மொட்டை மாடிக் கதவு.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஏப்ரல் 14-லிருந்து 20 வரையிலான தீயணைப்பு வாரத்தில் நிலையத்திலிருந்து வீரர்கள் வந்து செய்துகாட்டுவார்கள். 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. அதை அணைக்கப் போய் இறந்த வீரர்களின் நினைவாகத்தான் அந்த வாரம். சிலிண்டர் வாயில் தீ வைத்துவிட்டு, ஒரு வீரர் ஈரச் சாக்கை நிதானமாகப் போர்த்தி அணைப்பார். எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டைப் போட்டு மூடு, அடுப்பை அணை என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போன பிறகு அந்தக் கைதட்டல் மாறிவிட்டது. அங்கேயும் பிள்ளைகளுக்குக் குறுக்கே நின்றது ஒரு குறுகலான படிக்கட்டு. அதைப் பற்றி எழுதும்போது எனக்கு நகைச்சுவை வராது. எங்கள் படிக்கட்டில் சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

அந்த வீரர்களில் ஒருவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன், மேல் மாடியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று. வழி தெளிவாக இருந்தால் படிக்கட்டில் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம், வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். கதவைத் தொட்டால் சுடுகிறது, படியில் புகை என்றால் திறக்காதீர்கள். உள்ளேயே இருங்கள். கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணியுங்கள், தெருப்பக்க பால்கனிக்குப் போங்கள், 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டு எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், பளிச்சென்ற துணி எதையாவது ஆட்டுங்கள் என்றார். புடவைக்கு வேலை வந்தது இங்கேதான். அத்தையின் பழைய சுங்குடி ஒன்று பக்கெட்டோடு வாசல் கதவுக்குப் பக்கத்தில் இப்போது தயாராக இருக்கிறது. ஆட்டுவதற்கு ஒரு சிவப்பு சின்தெடிக். அது என் நாத்தனார் கொடுத்தது, எதற்காவது பயன்படட்டும்.

ஒரு புகை அலாரமும் வாங்கி ஹாலில் மாட்டினேன். முதல் வெள்ளிக்கிழமை அத்தை சாம்பிராணி போட்டார். அலாரம் போட்ட கூச்சலில் கீழே வாட்ச்மேன் விசில் ஊதினார். “சாமிக்கு மணி அடிக்குது பாரு” என்றார் அத்தை, கொஞ்சமும் பதறாமல். மிளகாய் வற்றல் தாளித்தபோதும் அடித்தது. கழற்றி எறியச் சொன்னார் கணவர். நான் அதைப் படுக்கையறை வாசலுக்கு மாற்றினேன். சமையலறையிலிருந்து தள்ளி, தூங்குகிறவர்கள் காதுக்குப் பக்கத்தில், அங்கேதான் அது இருக்க வேண்டியது. கூடவே ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் ஒன்று. ஊசியை இழு, தீயின் அடிப்பாகத்தைக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு. இதை அவருக்கு மனப்பாடம் செய்யவைத்தேன். அணைப்பானின் சிவப்பு நிறம் ஹாலுக்குப் பொருந்தவில்லை என்று அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். நான் திரும்ப வாசலில் கொண்டுவந்து வைத்தேன். இது ஒரு தொடர்கதை.

மிகப் பெரிய பிரச்சினை என்று நான் நினைத்திருந்தது அத்தையைத்தான். எண்பதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலும் தேய்மானம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்குவதாகத் திட்டம். என் கணவரும் வாட்ச்மேனும் தூக்கினார்கள். மாமியின் துளசி மாடத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நாற்காலி சிக்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஊர்வலத்தில் மாட்டிக்கொண்ட உற்சவரைப் போல அத்தை நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“கீழே வைங்கடா” என்றார். வைத்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, மெதுவாக, நிற்காமல் கீழே போய்ச் சேர்ந்தார். “2015 வெள்ளத்துல லிஃப்ட் நின்னப்போ என்னை யாரு தூக்கினா? நானேதான் இறங்கினேன். எல்.ஐ.சி. கட்டடம் எரிஞ்சதைப் பார்த்தவ நான். அது 75-ல. என்கிட்ட வந்து தீயைப் பத்திச் சொல்றீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, கேஸை அணைச்சியா?”

அணைத்திருக்கவில்லை. மேலே ஓடினேன்.

இதன் பிறகு சங்கக் கூட்டம். செயலாளர் ஊர் திரும்பியிருந்தார். நான் படிக்கட்டுப் பட்டியலை வாசித்தேன். சைக்கிள்காரர் செருப்பு அலமாரியை எடுத்தால் சைக்கிளை எடுப்பதாகச் சொன்னார். செருப்பு அலமாரிக்காரர் டைல்ஸைக் காட்டினார். மாமி, “துளசியை எடுன்னு சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வந்தது?” என்று கேட்டதும் கூட்டம் ஒரு நிமிஷம் ஆன்மிகமானது. கடைசியில் துளசி மாமியின் பால்கனிக்குப் போவது, மற்றவை ஒரு வாரத்தில் அகற்றப்படுவது, மின்சார ஸ்கூட்டரைச் சுற்றுச்சுவர் ஓரம் தள்ளி நிறுத்திச் சார்ஜ் செய்வது, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடத்துவது என்று முடிவானது. ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அதனால் காலை பத்து மணி.

ஒத்திகைக்கு வாட்ச்மேன் விசில் ஊதினார். முதல் ஐந்து நிமிஷம் ஒருவரும் வரவில்லை. பிறகு லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே எட்டுப் பேர், கையில் காபி டம்ளரோடு ஒருவர். ‘தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்’ என்ற ஸ்டிக்கர் அவர்கள் தலைக்குப் பின்னால், ஒரு டியூஷன் விளம்பரத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. “ஒத்திகைதானே டீச்சர்” என்றார் செயலாளர். ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் வரவே இல்லை. அவர்களை யாரும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவில்லை. மாமி கிரில்லைப் பூட்டிவிட்டு வந்தவர், சரியாகப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்ப மேலே போனார். வேப்பமரத்தடியில் கூட வேண்டும் என்று ஏற்பாடு. அங்கே யாரோ விருந்தாளியின் கார் நின்றது. அத்தை மட்டும் விசிலுக்கு முன்பே படியில் இறங்கி, வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்: “கேஸை அணைச்சீங்களா?”

படிக்கட்டு இப்போது பெரும்பாலும் காலி. பழைய பேப்பர் போய்விட்டது. விலை ஏறும் முன்பே விற்றுவிட்டதாக என் கணவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மொட்டை மாடிச் சாவிக்கு மட்டும் செயலாளர் தனியாக ஒரு யோசனை செய்தார். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் சாவி, மேலே சிவப்பு எழுத்தில் ‘அவசரத்துக்கு உடைக்கவும்’. நன்றாகத்தான் செய்திருக்கிறார். பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துவிடுவார்கள் என்று பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டிருக்கிறார். கண்ணாடியை உடைக்க வாங்கிய சுத்தியலும் காணாமல் போய்விடக் கூடாது என்று அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். மூன்றாம் மாடி மாமி தன் வீட்டு அம்மிக் குழவியைப் படியோரம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அதற்கு அனுமதி கேட்க வேண்டும்.